ஏழாம் கேள்வி

விடைத்தாள் கட்டோடு சவரிராயன் சாரின் அறைக்குள் நுழைந்த கோமதியின் முகத்தில் ஈயாடவில்லை.

பத்து வருஷத்துக்கு முன்பு அவரிடம் இயற்பியல் படித்தவள். இப்போது அதே கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். அவள் வகுப்புக்குப் பிள்ளைகள் வருவது நின்றுபோய் ஒரு செமஸ்டர் ஆகிவிட்டது. சார் பதிவுசெய்து கொடுத்த வீடியோக்கள் இருக்கும்போது வகுப்பு எதற்கு? பஸ்ஸில் கேட்டார்கள், மெஸ்ஸில் கேட்டார்கள், இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை. அந்த வசதி நமக்குக் கிடைத்திருந்தால் மட்டும் அடித்துப்பிடித்து முதல் பெஞ்சுக்கு ஓடியிருப்போமா என்ன?

“வகுப்பை நிறுத்திரலாமான்னு பிரின்சிபால் கேக்கறாங்க சார். நிறுத்தினா என் வேலையும் போயிரும்.”

“நீ என்ன சொன்ன?”

“என்னத்தைச் சொல்ல? ஏழாம் கேள்விதான் இருக்கறதுலயே கஷ்டமான கணக்கு. அறுபத்திரண்டு பேரும் முழு மார்க். ஒருத்தர்கூட என் வகுப்புல உக்காரல. அப்புறம் நான் எதுக்கு சார்?”

அவமானமாக இருந்தது அவளுக்கு.

சார் ஒரு தாளை உருவிப் படித்தார். இன்னொன்றை எடுத்தார். அப்புறம் எழுந்துபோய், கரும்பலகையில் அந்தக் கணக்கை முதலிலிருந்து போட்டார். நாலாவது வரியில் மைனஸ் வந்தது. தாள்களில் அந்த இடத்தில் பிளஸ் இருந்தது. விடையே வேறு.

கோமதி பதறிப்போய்க் கட்டைப் பிரித்தாள். எல்லாத் தாளிலும் பிளஸ்தான்.

“எப்படி சார் இது? உங்க வீடியோவைப் பாத்துத்தானே நானும் விடைக்குறிப்பு எழுதினேன்?”

“அதுல நான் அப்படித்தான் போட்டிருப்பேன். அந்த வரியில எனக்கு எப்பவும் தடுமாறும். முப்பது வருஷமா அதே இடம்தான்.”

“வகுப்புல நீங்க தப்பா முடிச்சதே இல்லையே சார்.”

“முடிக்க விட்டாத்தானே? யாராவது எந்திரிச்சு, ‘சார், அது மைனஸ்’ம்பாங்க. அழிச்சிட்டுப் போடுவேன். வீடியோ எடுத்த ரூம்ல நானும் கேமராவும்தான் இருந்தோம்.”

கோமதிக்குச் சட்டென்று ஒரு தெம்பு வந்தது.

“அப்போ இதைக் காட்டியே பிரின்சிபால்ட்ட பேசலாம் சார். வகுப்புல உக்காந்தாத்தான் எந்திரிச்சுக் கேப்பாங்கன்னு சொல்லலாம்.”

சார் கையிலிருந்த தாளில் அவள் சிவப்பு மையில் போட்டிருந்த டிக்கையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உன் பேட்ச்சுல எந்திரிச்சுக் கேட்டது யாரு, ஞாபகம் இருக்கா?”

“நான்தான் சார்.” அந்த நிலையிலும் அவளுக்குக் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது.

“இதைத் திருத்தினது யாரும்மா?”