துளசியில் கருவாட்டு வாசம்

முருங்கைக்கீரை உருவிக்கிட்டே சொல்றேன். உறையூர்ல ஒரு சுருட்டுப் பட்டறை. அங்கே உயர்ந்த ரகத்தை ருசி பார்த்துச் சொல்ல தணிகாசலம்னு ஒரு பெரிய மீசைக்காரர் வருவார். அவர் வச்சதுதான் சட்டம்.

ஒரு புரட்டாசி சனிக்கிழமை, சுருட்டை ஒரு இழுப்பு இழுத்தவர், மூக்குகிட்ட வச்சுப் பார்த்து முகம் சுளிச்சார். "கருவாடு நாறுது! விரத நாள்ல எவளோ தின்னுட்டு வந்து சுருட்டியிருக்கா. எந்தக் கைன்னு இப்பவே தெரியணும். இல்லேன்னா சுருட்டுற ஏழு பேருக்கும் வேலை கிடையாது."

முதலாளியும் தலையாட்டினார்.

சுருட்டுற சம்பூரணம் எழுந்தா. "ஐயா கண்ணை மூடுங்க. ஒவ்வொருத்தியா கையை நீட்டுறோம். உங்க மூக்குக்குத் தெரியாததா?"

அவரும் பெருமையா கண்ணை மூடினார். சம்பூரணம் பெருமாள் படத்துத் துளசியைக் கிள்ளி அவர் மூக்குக்கு நேரே நீட்டினா.

"இந்தக் கைதான்! கருவாடேதான்!"

"கண்ணைத் திறங்க ஐயா. இது பெருமாள் துளசி. போய் மீசையைக் கழுவிட்டு வாங்க."

முதலாளி கிட்டப் போய் மீசையை மோந்து பார்த்தார். "என்னய்யா, கருவாடு உம்ம மீசையிலதான் நாறுது! விரதம்னு என் வீட்டுல ரெண்டு தம்ளர் பாயசம் குடிச்சீரே!"

ஏழு பேரும் சிரிப்பை அடக்கிக்கிட்டு வேலையில உக்காந்தாங்க. தணிகாசலம் தொட்டியில மீசையைத் தேய்ச்சுக்கிட்டே, "நெத்திலிதானே, அதுவும் ரெண்டே ரெண்டு"ன்னு... இதோ வந்துட்டேன் அத்தை, புள்ள முழிச்சுக்கிட்டான் போல.