நூற்றி எண்பத்தொன்பது ரூபாய் கிரைண்டர்

மஞ்சணத்திப்பட்டிக்காரர்கள் சொன்ன விலைக்கு எதையும் வாங்க மாட்டார்கள். பாதியாக அடித்துத்தான் வாங்குவார்கள். இது சுற்றுவட்டாரக் கடைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும் என்பதால், நாற்பது ரூபாய்ச் சீப்பை எண்பது என்று சொல்வார்கள். ஊர்க்காரர் பாதியாக அடித்து நாற்பதுக்கு வாங்கிக்கொண்டு, நாற்பது ரூபாய் லாபம் என்று துள்ளிக்கொண்டு போவார். டவுன் பஸ் கண்டக்டர்கூட பன்னிரண்டு ரூபாய் டிக்கெட்டுக்கு இருபத்துநாலு என்றுதான் ஆரம்பிப்பார். யாருக்கும் நஷ்டமில்லை, எல்லோருக்கும் லாபம். இப்படி ஒரு பொருளாதாரத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்த ஊர் அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு மூன்று பேர் கொண்ட கமிட்டி உண்டு. தலைவர் தளவாய். செயலாளர் பலவேசம், கண்ணாடி உடையாத போன் அவரிடம் மட்டும் இருந்ததால் அந்தப் பதவி. பொருளாளர் கொம்பையா. எதைச் சொன்னாலும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு சந்தேகப்படுவார் என்பதால் புத்திசாலி என்று பெயர் வாங்கியவர்.

கொடைக்குப் பேர் போனது உளுந்த வடை. சுடுகிறவள் பேச்சித்தாய். போன வருடம் கோவில் கிரைண்டர் நடுவில் புகைந்து செத்துப்போக, அறுநூறு பேருக்கான உளுந்தை அவள் ஆட்டுரலில் கையாலேயே ஆட்டி முடித்தாள். ஒரு மாதம் அவளால் தலை வார முடியவில்லை.

"இந்தா பாருங்க," என்றாள் கமிட்டியிடம். "பங்குனிக் கொடைக்குள்ள கிரைண்டர் வரலைன்னா நான் அக்கரைப்பட்டிக்குச் சமைக்கப் போயிருவேன். அங்க ரெண்டு கிரைண்டர் இருக்கு."

கமிட்டி அன்றே கூடியது. வடை இல்லாத கொடையை அக்கரைப்பட்டிக்காரன் ஏழு தலைமுறைக்குச் சொல்லிச் சிரிப்பான். வரி வசூலித்த பத்தாயிரம் கையில் இருந்தது. பலவேசம் போனைத் திறந்து ஒரு பெரிய ஆன்லைன் கடைக்குள் போனார். கடையின் பெயரை நான் சொன்னால் அவர்கள் வக்கீல் எனக்கும் நோட்டீஸ் விடுவார், அதனால் வேண்டாம்.

"அண்ணாச்சி, பெரிய கிரைண்டர். நூத்தி எண்பத்தொம்பது ரூவான்னு போட்டிருக்கு."

தளவாயின் முகம் சுருங்கியது. "கூடுதலா இருக்கே."

"கடை கெடையாது, வாடகை கெடையாது, வர்ற ஆளுக்குக் காப்பி கெடையாது," என்றார் கொம்பையா ஒரு கண்ணை மூடிக்கொண்டு. "பொறவு எதுக்கு இவ்வளவு வெல?"

"பாதி என்ன?"

"தொண்ணூத்தி நாலரை."

"அதுக்கு மேல ஒரு பைசா கெடையாது," என்று தளவாய் முடிவு செய்தார்.

ஆனால் போனில் பேரம் பேச இடமில்லை. வாங்க ஒரு பொத்தான் இருந்தது, பார்த்து வைக்க ஒரு பொத்தான் இருந்தது, அடித்துப் பேச மட்டும் பொத்தான் இல்லை. ஆகவே வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டார்கள். 'சேவையின் தரத்துக்காக இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது' என்று ஒரு குரல் சொன்னது. தளவாய் ஓடிப்போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

"அம்மா, நூத்தி எண்பத்தொம்பது ரொம்ப ஜாஸ்திம்மா."

"சார், ஸ்கிரீன்ல இருக்கிறதுதான் விலை சார்."

"அது சொல்லுத வெல. குடுக்கிற வெல என்ன?"

"அதேதான் சார்."

"தொண்ணூத்தி நாலரைக்கு முடிச்சிக்கிடுவோம். இல்லைன்னா எங்க பொருளாளர் கோவிச்சிக்கிட்டுப் போறாரு. காலடிச் சத்தம் கேக்குதா?"

கொம்பையா நிஜமாகவே நடக்க ஆரம்பித்தார். கடையை விட்டு இறங்கிப் போனால் கடைக்காரர் பின்னாலேயே கூப்பிட வேண்டும் என்பது உலக வழக்கம். இந்தப் பெண் கூப்பிடவில்லை. கூப்பிடாமல் எப்படித் திரும்புவது? கொம்பையா பஸ் நிறுத்தம்வரை போய்விட்டார். பலவேசம் சைக்கிளில் போய் அழைத்து வந்தார். இப்படி மூன்று தடவை.

நாற்பது நிமிடத்துக்குப் பிறகும் அந்தப் பெண் ஒரு ரூபாய் இறங்கவில்லை. வேறு வழியில்லாமல் சொன்ன விலைக்கே வாங்குவது என்று முடிவாயிற்று. தளவாய்க்குக் கண் கலங்கிவிட்டது. ஊருக்குச் சொல்லக் கூடாது என்று மூன்று பேரும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள்.

பணம் கட்டும்போது பாங்கியிலிருந்து ஒரு ரகசிய எண் கொம்பையாவின் போனுக்கு வந்தது. கூடவே, 'இந்த எண்ணை யாரிடமும் பகிர வேண்டாம்.'

"நம்பரைச் சொல்லும்வே," என்றார் பலவேசம்.

"சொல்லக் கூடாதாம்."

"நாந்தான கேக்கேன்."

"உம்ம பேரைப் போட்டு, இவரைத் தவிரன்னு இதுல எழுதலையே."

கடைசியில் மற்ற இருவரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க, கொம்பையா தன் விரலாலேயே எண்ணை அழுத்தினார். இன்றுவரை அந்த எண்ணை அவர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

முகவரியில் பக்கத்து அடையாளம் கேட்டிருந்தது. பலவேசம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, 'புளியமரத்தடியில் ஒரு எருமை' என்று எழுதினார். எருமை கொம்பையாவுடையது. கிரைண்டர் வரும்வரை அதை அவிழ்க்கக் கூடாது என்று கமிட்டி தீர்மானம் போட்டது.

மறுநாள் காலையில் கடையிலிருந்து செய்தி வந்தது. 'விலை தவறாகப் பதிவாகிவிட்டது. சரியான விலை 18,900 ரூபாய். உங்கள் ஆர்டர் ரத்து செய்யப்பட்டு, பணம் திருப்பி அனுப்பப்பட்டது. வருந்துகிறோம்.' எவரோ தட்டச்சு செய்யும்போது இரண்டு பூஜ்யம் கீழே விழுந்திருக்கிறது.

"நாம கொறைச்சுக் கேட்டதுல அந்தப் பிள்ளைக்குக் கோவம்," என்றார் தளவாய். "அதான் ஏத்திட்டாங்க."

பேச்சித்தாய் காதுக்கு விஷயம் போனது. அவள் அக்கரைப்பட்டி இருக்கும் திசையைப் பார்த்தாள். அது போதும். மூன்று பேரும் அடுத்த பஸ்ஸில், ஆளுக்கு இருபத்துநாலு ரூபாயைப் பன்னிரண்டாக அடித்து, டவுனில் நுகர்வோர் வழக்குகள் பார்க்கும் வக்கீல் ஜெசிந்தாவிடம் போய் நின்றார்கள்.

"கடைக்காரங்க நெசமாவே கைதவறி விலை போட்டிருந்தா, ரத்து பண்ண அவங்களுக்கும் நியாயம் உண்டு," என்று ஜெசிந்தா விளக்கினார். "சாதாரண அறிவுள்ள ஆள் பார்த்தாலே தப்பு விலைன்னு புரிஞ்சிருக்கும்னு வாதாடுவாங்க. நீங்க தெரிஞ்சே பாய்ஞ்சு பிடிச்சிருந்தா கேஸ் நிக்காது. உண்மையிலேயே தெரியலைன்னா, ஆர்டரை ஏத்துக்கிட்டுப் பணமும் வாங்கினீங்களேன்னு கேட்டுப் பார்க்கலாம். சொல்லுங்க, விலை தப்புன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"பார்த்த ஒடனே தெரிஞ்சிட்டும்மா," என்றார் தளவாய்.

ஜெசிந்தா பேனாவைக் கீழே வைத்தார்.

"ரொம்ப ஜாஸ்தின்னு."

ஜெசிந்தா பேனாவைத் திரும்ப எடுத்தார். "இதுக்கு ஏதாவது ஆதாரம் இருக்கா?"

மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள். கற்பூரம் அணைத்துச் செய்த சத்தியமாயிற்றே. பேச்சித்தாயை நினைத்துக்கொண்டு, பேரம் பேசியதையும் தோற்றதையும் தளவாய் மெல்லச் சொன்னார். ஜெசிந்தா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"அந்த அழைப்பு பதிவாகியிருக்கா?"

"தரமாத்தான் பேசினோம்மா," என்றார் பலவேசம்.

வழக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு வருவதற்குள் மாசி பிறந்துவிட்டது. எருமை அதே புளியமரத்தடியில்தான் நின்றது. அங்கேயே ஒரு கன்றும் ஈன்றது.

விசாரணை நாளில் ஊரே ஒரு லாரி பிடித்து வந்து பின்வரிசைகளில் உட்கார்ந்திருந்தது. கடையின் வக்கீல் எழுந்தார். "இவர்கள் மூவரும் பலே தந்திரசாலிகள். விலை தவறு என்று தெரிந்தே, விலை உயர்ந்த பொருளை அற்பக் காசுக்கு அமுக்கத் திட்டம் போட்ட மூளைக்காரர்கள்."

மஞ்சணத்திப்பட்டிக்காரர்களை இதுவரை யாரும் சபையில் இப்படிப் புகழ்ந்ததில்லை. தளவாய் எழுந்து நின்று அவரைக் கும்பிட்டார். கொம்பையா அடக்கமாகத் தலை குனிந்தார். கேஸ் கையை விட்டுப் போவதைப் பார்த்து ஜெசிந்தா அவசரமாக அந்தப் பதிவைப் போடச் சொன்னார்.

நாற்பது நிமிடமும் ஓடியது. 'காலடிச் சத்தம் கேக்குதா?' என்ற இடத்தில் ஆணையத் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மூன்றாவது முறை சைக்கிள் மணி கேட்டபோது கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. தளவாய்தான் நிஜமாக அழுதார். சொன்ன விலைக்கு வாங்கிய சங்கதி ஊர் முழுக்கத் தெரிந்துபோயிற்றே. பின்வரிசையில் யாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"இவர்களுக்கு அந்த விலை தவறு என்று தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை," என்று தலைவர் தீர்ப்பு எழுதினார். "இந்த மூவரைப் பொறுத்தமட்டில் மட்டும், பேசிய நூற்றி எண்பத்தொன்பது ரூபாய்க்குக் கிரைண்டரைக் கொடையன்று காலைக்குள் கொடுக்க வேண்டும்."

கொடையன்று காலை. உளுந்து ஊறிக்கொண்டிருந்தது. கோவில் வாசலில் மேளம் முழங்கியது. டெலிவரி வண்டி ஊருக்குள் வந்து, புளியமரத்தைத் தாண்டி, திரும்பி வந்து, மறுபடியும் தாண்டிப் போனது. கொம்பையா ஓடிப்போய் மறித்தார்.

"ஒரு எருமைன்னு போட்டிருக்கு அண்ணாச்சி," என்றார் டெலிவரிக்காரர். "இங்க ரெண்டு நிக்கி. வேற எடமோன்னு பார்த்தேன்."

கன்றை வீட்டுக்குள் ஓட்டிவிட்டு வந்ததும் விலாசம் சரியானது. கிரைண்டர் இறங்கியது. "நூத்தி எண்பத்தொம்பது ரூவா," என்றார் டெலிவரிக்காரர்.

மேளம் நின்றது. ஊர்க் கண்ணெல்லாம் தளவாய் மேல் இருந்தது. கமிட்டி தனியாக ஒதுங்கிப் போய் ஆலோசித்தது.

"பாதியா அடிச்சா தொண்ணூத்தி நாலரை லாபம்," என்றார் பலவேசம்.

"போன மானத்துக்கு அது காணுமாவே?" என்றார் தளவாய்.

கொம்பையா ஒரு கண்ணை மூடிக்கொண்டார். "வெல சின்னதா இருந்தா லாபமும் சின்னதாத்தான் இருக்கும். அவரு கொஞ்சம் கூட்டிச் சொல்லணும்."

ஊர் வரலாற்றிலேயே இவ்வளவு ஆழமான யோசனையை யாரும் சொன்னதில்லை. மூன்று பேரும் திரும்பி வந்தார்கள்.

"தம்பி, வெலையைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லும்."

"கோர்ட்டு உத்தரவு அண்ணாச்சி. கூட்டினா என்னைப் பிடிச்சு உள்ள போட்டுருவாங்க."

"எங்களுக்காகச் சொல்லுமேய்யா."

டெலிவரிக்காரருக்கு இன்னும் பதினேழு வீடு பாக்கி இருந்தது. "சரி, ஐநூறு."

"எரநூத்தம்பது," என்றார் தளவாய். கூட்டத்தில் விசில் பறந்தது.

அப்போது கையில் உளுந்துத் தோல் ஒட்டியிருக்க, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு பேச்சித்தாய் வந்தாள். "அங்க உளுந்து ஊறிப் புளிக்கப் போவுது. இங்க என்ன பேச்சு?"

விஷயத்தைச் சொன்னார்கள். அவள் கொதித்துப்போனாள். ஆறு மாசமாக அவள் பயந்து கிடந்தது என்ன, இவர்கள் முடிப்பது என்ன?

"கோர்ட்டு வரைக்கும் போய் வெறும் எரநூத்தம்பது ரூவா லாபமா? ஏன் தம்பி, இதோட நெச வெல என்ன?"

"பதினெட்டாயிரத்துத் தொள்ளாயிரம்க்கா. ஆனா அது..."

"அதுல பாதி."

"அக்கா, வேண்டாம்க்கா. உங்க நல்லதுக்குச் சொல்லுதேன்."

"பாத்தியளா, எறங்க மாட்டேங்கான்," என்றாள் பேச்சித்தாய் ஊரைப் பார்த்து.

டெலிவரிக்காரர் எருமைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். தளவாய் ஒன்பதாயிரத்து நானூற்றைம்பதிலேயே நின்றார். கொம்பையா கோபித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். நாலடி போயிருப்பார். "வாங்கண்ணாச்சி, அந்த வெலைக்கே எடுத்துக்கிடுங்க," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. கொம்பையா அப்படியே நின்றார். கூப்பிட்டுவிட்டார்கள். அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

ஒன்பதாயிரத்து நானூற்றைம்பது ரூபாய் லாபம். மஞ்சணத்திப்பட்டியில் அதுவரை யாரும் அடிக்காத பேரம். வரிப்பணத்தில் மீதி ஐநூற்றைம்பதுக்கு எண்ணெய் வாங்கினார்கள். மத்தியானம் அறுநூறு பேருக்கும் சுடச்சுட வடை கிடைத்தது. அக்கரைப்பட்டிக்காரர்கள் வந்து ஆளுக்கு மூன்று தின்றுவிட்டு வாயைத் திறக்காமல் போனார்கள். நானும் இரண்டு தின்றேன். குறை சொல்ல முடியாது.

நாலாம் நாள் கடையிலிருந்து செய்தி வந்தது. 'தவறுதலாக உங்களிடம் கூடுதலாக வசூலிக்கப்பட்ட 9,261 ரூபாய் திருப்பி அனுப்பப்பட்டது. வருந்துகிறோம்.'

"பழைய வேலையை ஆரம்பிச்சிட்டாங்க," என்றார் தளவாய் பல்லைக் கடித்துக்கொண்டு. "பேசின வெலையை மறுபடியும் மாத்துதாங்க."

ஜெசிந்தா முழுக்கதையையும் கேட்டு, ஒரு செம்புத் தண்ணீரை மொத்தமாகக் குடித்தார். எவ்வளவோ எடுத்துச் சொன்னார். ஒன்றும் ஏறவில்லை. மனு அவர்களே எழுதி, அவர்களே கொடுத்தார்கள். ஆணையத் தலைவர் அதைச் சத்தமாகப் படித்தார்: "எங்கள் பணம் எங்களுக்கே திரும்ப வந்துவிட்டது. அதைக் கடைக்காரர் வாங்கிக்கொள்ளும்படி உத்தரவிட வேண்டும்."

கடையின் வக்கீல் துள்ளி எழுந்தார். "ஆட்சேபணையே இல்லை. ஒன்பதாயிரத்து இருநூத்தி அறுபத்தொரு ரூபாயையும் முழுசா நாங்களே வச்சுக்கறோம்."

தலைவர் நிம்மதியாகப் பேனாவைத் திறந்தார். தளவாய் மெல்ல எழுந்து, தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"முழுசுமா? கூடுதலா இருக்கே சார். பாதி வச்சுக்கிடுங்க."

கொம்பையா அதற்குள் வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்திருந்தார்.