நிழல் விழாத மாமரம்

மொண்டிக்குளத்து ஆட்களிடம் ஒரு வேலையைச் சொன்னால், சொன்னதற்குமேல் ஒரு பிடி கூடச் செய்யமாட்டார்கள், ஒரு பிடி குறைக்கவும் மாட்டார்கள். பயமே அதுதான்.

அந்த ஊர்க் கான்வென்ட்டின் தோட்டக்காரன் சவரியப்பன். முற்றமெல்லாம் பச்சைப் புல். மாமரத்தடியில் மட்டும் வழுக்கை விழுந்தாற்போல ஒரு திட்டு.

"பிஷப் வரும்போது அந்தத் திட்டு எங்க இருந்துச்சுன்னே தெரியக்கூடாது. மரத்துல ஒரு இலையைத் தொட்டாலும் வேலை போயிடும்" என்று சொல்லிவிட்டு, மதர் ஒரு மாதத் தியானத்துக்குப் புறப்பட்டுப் போனார்.

வேலை போனால் கான்வென்ட் கொடுத்த வீடும் போகும். வீட்டில் பச்சைக்குழந்தை. 

மச்சினன்மார் மிக்கேலும் இஞ்ஞாசியும் செடி விற்கும் நர்சரிக்காரரிடம் யோசனை கேட்டு வந்தார்கள்.

"நிழல் தரையில விழுற வரைக்கும் புல்லு வராதாம் அத்தான். நிழல்லயே வளர்ற பெரணிச் செடி வைக்கச் சொன்னாரு."

"மதர் பெரணியா கேட்டாங்க?"

"இல்ல."

"அப்ப நிழலை விழாமப் பிடிச்சிருவோம்."

கிளைகளுக்குக் கீழே தார்ப்பாய் கட்டினார்கள். மாமர நிழல் மொத்தமும் அதன்மேல் படுத்துக்கொண்டது. கீழே ஓர் இலையின் நிழல்கூட இல்லை; மூவரும் குனிந்து தேடித் திருப்திப்பட்டார்கள். ஆனாலும் நட்ட புல் வெளிறிச் செத்தது.

"இருட்டா இருக்குல்ல மிக்கேலு?"

"இது தார்ப்பாயோட நிழல் அத்தான். மரத்தோடது இல்ல."

"அது நமக்குத் தெரியும். புல்லுக்கு யாருடா போய்ச் சொல்றது?"

இஞ்ஞாசி நெடுநேரம் தாடையைச் சொறிந்தான். "மரத்துக்கு மேல பந்தல் போட்டா என்ன? வெயிலே படாத மரத்துக்கு நிழல் ஏது?"

சவரியப்பன் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

திருவிழாப் பந்தல் சாமான்கள் வந்து இறங்கின. மரத்துக்கு மேலே கீற்று வேய்ந்தார்கள். காலை வெயில் சாய்ந்து வந்து மரத்தைத் தொட்டது. பந்தலைக் கிழக்கே இழுத்தார்கள். மாலை வெயில் மறுபக்கம் நுழைந்தது, மேற்கே இழுத்தார்கள். கடைசியில் இந்த மதிலிலிருந்து அந்த மதில்வரை ஒரே கீற்று. மாமரத்துக்கு நிழலே இல்லை.

மதர் பிஷப்போடு வந்து இறங்கினார். முற்றத்தில் மருந்துக்குக்கூட ஒரு புல் இல்லை. முழுக்க மண்.

"சவரியப்பா! அந்தத் திட்டு..."

"எந்தத் திட்டு மதர்?"

மதர் மரத்தடியைப் பார்த்தார், மதிலோரம் பார்த்தார். எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தது. சவரியப்பன் ஒரு மாதத்துக்குப் பிறகு நிம்மதியாக மூச்சுவிட்டான்.

"பிஷப்பையே தேடிப் பார்க்கச் சொல்லுங்க மதர். கண்டுபிடிச்சுட்டாருன்னா இப்பவே வீட்டைக் காலி பண்ணிர்றேன்."