ஆட்காட்டியின் ஆலாபனை

காட்டுக் குளக்கரையில் ஓர் ஆட்காட்டிக் குருவி இருந்தது. சிறுத்தை வந்தால் முதலில் கண்டு கத்துவது அதுதான். அந்தக் கத்தலை நம்பித்தான் புள்ளிமான் தன் குட்டியோடு தண்ணீருக்கு இறங்கும்.

ஒருநாள் ஊரிலிருந்து ஓர் ஆடு வழிதவறி வந்தது. சங்கீத சபையின் பின்வாசலில் வாழையிலையும் வாடிய மாலையும் தின்று வளர்ந்த ஆடு. பாட வராது. ஆனால் சங்கீதத்தில் உள்ள பெயரெல்லாம் அதற்கு அத்துப்படி!

புது ஆளைக் கண்டதும் ஆட்காட்டி வழக்கம்போல வீரிட்டது. ஆடு முகம் சுளித்தது.

"இது என்ன ராகம்?"

"ராகமா? ஆபத்து என்றால் இப்படித்தான் கத்துவேன்."

"ஆரோகணமும் இல்லை, அவரோகணமும் இல்லை! ஏறவும் தெரியவில்லை, இறங்கவும் தெரியவில்லை. எடுத்த எடுப்பிலேயே மேல் ஸ்தாயியா? முதலில் ஆலாபனை. ராகத்தை மெல்ல விரிக்க வேண்டும். பிறகு பல்லவி, அனுபல்லவி, சரணம். அப்புறம்தான் உச்சம்!"

மான் தயங்கியபடி, "அண்ணே, எங்களுக்கு இவள் கத்தினாலே போதுமே" என்றது.

"ரசனை கெட்ட கூட்டம்!" என்றது ஆடு.

ஆட்காட்டிக்கோ வெட்கம் பிடுங்கித் தின்றது. மறுநாளே ஆட்டிடம் பாடம் கேட்கத் தொடங்கிவிட்டது, பாவம்.

நாலாம் நாள் நடுப்பகல். மான்குட்டி தண்ணீரில் வாய் வைத்திருந்தது. புதருக்குள் சிறுத்தையின் வால் அசைவதை ஆட்காட்டி பார்த்தது. பழைய கத்தல் தொண்டை வரை வந்துவிட்டது.

"ம், ஆலாபனை!" என்று அதட்டியது ஆடு. கண்ணை மூடிக்கொண்டு குளம்பால் தாளமும் போட ஆரம்பித்தது.

ஆட்காட்டி கீழ் ஸ்தாயியில் மெல்ல இழுத்தது. மான் தலையாட்டிக் கேட்டது. ஆபத்து என்று அதற்கு எப்படித் தெரியும்? சிறுத்தைக்கும் இப்படி ஒரு வரவேற்பு இதுவரை கிடைத்ததில்லை. அது நிதானமாகப் பதுங்கி வந்தது. குட்டிக்கும் அதற்கும் நடுவே பத்தடிதான்.

அதற்குமேல் ஆட்காட்டியால் பொறுக்க முடியவில்லை. படித்ததையெல்லாம் உதறிவிட்டு வீரிட்டது! மானும் குட்டியும் ஒரே பாய்ச்சலில் மறைந்தன.

ஆடு மட்டும் கண்ணைத் திறக்கவில்லை. "பல்லவியே இன்னும் வரவில்லை! அதற்குள் என்ன கத்தல்?" என்று சீறியது.

சிறுத்தை அதன் கழுத்தில் பாய்ந்தது. ஆடு "ம்மே!" என்று ஒரே ஒரு கத்துக் கத்தியது. ஆலாபனை இல்லை. எடுத்த எடுப்பிலேயே மேல் ஸ்தாயிதான்.

மறுநாள் ஆட்காட்டி பழையபடி கத்தியது. மானும் குட்டியும் பழையபடி ஓடிப் பிழைத்தன.

ஒன்றின் பெயர்களையெல்லாம் அறிந்திருந்தும் அது எதற்காக இருக்கிறது என்று அறியாதவன், தனக்கும் கேடு, பிறருக்கும் கேடு.