சீனிச்சாமிக்கு ஒரு டம்ளர்

"மேடம், உப்பு எவ்வளவு ஏத்தட்டும்?"

டாக்டர் அருளப்பன் இப்படிக் கேட்டபோது நூர்ஜஹான் மேடம் மத்தியானச் சாப்பாட்டில் இருந்தார்.

அருளப்பனுக்கு ஐம்பது வயசு. கிராமத்து ஆஸ்பத்திரியில் ஊசி போட்டே தலை நரைத்த மனுஷன். மேல்படிப்புக்கென்று பெரியாஸ்பத்திரிக்கு வந்திருந்தார். பாடம் சொல்லித்தரும் மேடமோ அவரைவிடப் பத்து வயசு இளையவர். இவர் மேடம் என்பார், அந்தம்மா சார் என்பார். அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது பிரச்சினை சீனிச்சாமி. மிளகாய் மண்டியில் எடை போடுகிறவர். நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சலோடு வந்து படுத்தார். காய்ச்சல் இறங்கிவிட்டது, புத்திதான் குழம்பிவிட்டது. கட்டின நாளிலிருந்து "ஏட்டி" என்று கூப்பிட்ட பெண்டாட்டியை நேற்றிலிருந்து அக்கா என்கிறார். ரத்தத்தைச் சோதித்தால் உப்பு அடிமட்டத்தில் கிடக்கிறது. இன்னும் இறங்கினால் வலிப்பு வரும். ஆளே போனாலும் போய்விடுவார்.

"மளமளன்னு ஏத்திடவா மேடம்?"

மேடம் ரசத்தில் ஊறிக்கிடந்த அப்பளத்தை விரலால் பிடித்து வெடுக்கென்று தூக்கினார். ஓரம் மட்டும் கையோடு வந்தது.

இன்னொரு அப்பளம் மிதந்தது. அதற்கு அடியில் கரண்டியை விட்டு மெல்ல எடுத்தார். முழுசாக வந்தது.

அருளப்பன் தலையாட்டினார். நிதானமாகவே ஏத்துகிறேன் என்றார். ஆனாலும் விடவில்லை.

"உப்பு எப்படிக் குறைஞ்சது மேடம்?"

"குறைஞ்சுதுன்னு யார் சார் சொன்னா?"

"ரத்தம் சொல்லுதே."

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். பார்க்க வருகிறவர்களை உள்ளே விடும் நேரம். போய்ச் சீனிச்சாமி கட்டில் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொன்னார். கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொன்னார்.

உப்புப் பாட்டிலைச் சொட்டுச் சொட்டாக விழவிட்டு அருளப்பன் உட்கார்ந்தார். இந்த வயசில் என்னை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டார்களே என்று உள்ளுக்குள் ஒரு முனகல்.

மணி அடித்தது. மண்டியே திரண்டு வந்தது.

மச்சான் இளநீர் கொண்டுவந்தார். மகள் பார்லித் தண்ணி கொண்டுவந்தாள். மூட்டை தூக்குகிறவர்கள் மோர் கொண்டுவந்தார்கள். வெறுங்கையோடு வந்தவர்கள் கூஜாவிலிருந்து ஆளுக்கொரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தார்கள். சீனிச்சாமி முகத்தைத் திருப்பினால் பெண்டாட்டி குருவம்மாள் அதட்டினாள். அவரும் "சரிக்கா" என்று குடித்தார்.

கட்டிலுக்குக் கீழே மூத்திரப் பை வற்றின குட்டை மாதிரித் தொங்கியது.

அருளப்பன் பையைப் பார்த்தார். டம்ளரைப் பார்த்தார். மறுபடியும் பையைப் பார்த்தார்.

"எதுக்கும்மா இவ்வளவு?"

"காய்ச்சக்காரருக்குத் தண்ணி நெறையக் குடுக்கணுமாம். வந்த அன்னைக்கே ஒரு டாக்டர் சொன்னாரு. நல்ல மனுஷன். போனவரு திரும்பி வந்து ரெண்டாந் தடவையும் சொன்னாரு. அதான், பாக்க வர்ற யாரும் ஒரு டம்ளர் குடுக்காமப் போகக்கூடாதுன்னு சொல்லிட்டேன்."

"எந்த டாக்டர்?"

குருவம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"கோட்டு போட்டிருந்தா உங்க ஜாடைதான் சார்."

அருளப்பன் எழுந்து டம்ளரை வாங்கினார். கூஜாவையும் எடுத்துக்கொண்டார். நெஞ்சுச் சளி பிடித்த உடம்பு சில சமயம் தண்ணியை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்தில் இருக்கிற உப்பு அதில் நீர்த்துப்போகும், இனி நான் அளந்து கொடுப்பதுதான் என்று எல்லோருக்கும் பொறுமையாகச் சொன்னார். மச்சான் மிச்ச இளநீரைத் தானே குடித்தார்.

கூஜாவும் கையுமாக வந்து நின்றவரை மேடம் ஏறிட்டுப் பார்த்தார்.

"என்ன குறைஞ்சுது சார்?"

"ஒண்ணும் குறையல மேடம்."

மேடம் சிரித்துவிட்டு அடுத்த வார்டுக்குப் போனார்.

ரத்தத்தை அடிக்கடி பார்த்து, சொட்டைக் கூட்டாமல் காத்திருந்தார்கள். இரண்டு நாள் கழித்து, காலையில் இருவரும் வார்டைச் சுற்றிவரும்போது ஒரு கரகரத்த குரல் கேட்டது.

"ஏட்டி, தண்ணி கொண்டா."

குருவம்மாளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. டம்ளரைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பாதியில் நின்று அருளப்பனைப் பார்த்தாள்.

அருளப்பன் மேடத்தைப் பார்த்தார். மேடம் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வாய் குடுங்கம்மா," என்றார் அருளப்பன்.

"இதை ரெண்டு தடவ சொல்லியிருக்கலாமே சார்," என்றாள் குருவம்மாள்.