சொரிமுத்து வாங்கப் போன ஸ்கேனர்

“எந்த ஸ்கேனர் வாங்கலாம், தாயி?”

சொரிமுத்து இதைக் கேட்டது உலகம்மாளிடம். தென்காசியில் தன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்தே பழைய புத்தகங்களைப் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறவள் அவள். வயது முப்பத்திரண்டு. வாசலில் ‘இங்கு ஸ்கேன் செய்யப்படும்’ என்று ஒரு பலகை மாட்டியிருந்தாள். முதல் வாரம் வந்த மூன்று பேரும் வயிற்றைத் தடவிக்கொண்டு வந்தார்கள். அப்புறம்தான் ‘புத்தகம்’ என்ற சொல்லை மேலே எழுதிச் சேர்த்தாள்.

சொரிமுத்துவுக்கு அறுபது. மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவளைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வயது. ஆனாலும் செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு, பாடம் கேட்க வந்தவர் போலத்தான் நின்றார்.

“என்ன புத்தகம், அண்ணாச்சி?”

“மாட்டு வைத்தியம். எங்க அப்பாவோடது. அச்சடிச்சு எம்பது வருசம் இருக்கும். இன்னொண்ணு எங்கயும் இல்ல. நானும் தேடாத இடமில்ல. தாளு அப்பளமா ஆயிட்டு. இன்னும் ஒரே ஒரு தடவதான் புரட்ட முடியும். அதுக்குள்ள படம் பிடிச்சிரணும்.”

“சரி.”

“அதான், மெஷினு நல்லதா இருக்கணும்.”

பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். நான்கு மாத உழைப்பு. பதினான்கு மெஷின்களின் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக படத்தின் துல்லியம் எத்தனை டிபிஐ, மணிக்கு எத்தனை பக்கம், எடை எவ்வளவு, வாரண்டி எத்தனை வருடம் என்று கோடு போட்டுக் கட்டம் கட்டி எழுதியிருந்தார். முத்து முத்தான கையெழுத்து.

உலகம்மாள் பதினான்கையும் பொறுமையாகக் கேட்டாள்.

முடிந்ததும் கேட்டாள்.

“புத்தகம் எவ்வளவு திறக்கும்?”

சொரிமுத்து நோட்டைப் புரட்டினார். முன்னும் பின்னும் புரட்டினார். அப்படி ஒரு கட்டம் அதில் இல்லை.

“அது தெரியலையே, தாயி.”

“தெரிஞ்சிட்டு வாங்க.”

*

“என்ன மெஷின் சொன்னா?” என்று கேட்டாள் வீட்டில் அவர் மனைவி முப்பிடாதி.

“ஒண்ணும் சொல்லல. கேள்வி கேட்டு அனுப்பிட்டா.”

“என்ன கேள்வி?”

சொன்னார்.

முப்பிடாதி முறத்தைத் தட்டிக்கொண்டே சிரித்தாள்.

“நாலு மாசமா நீங்க கயித்துக்கு வெல பேசுதிய. மாடு எங்க நிக்கின்னு அவ கேட்டிருக்கா. நல்ல பிள்ளைதான்.”

*

வியாழக்கிழமை புத்தகத்தோடு போனார். பழைய வேட்டியில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு.

உலகம்மாள் மேஜையில் வெள்ளைத் துணி விரித்தாள்.

“திறந்து காட்டுங்க.”

சொரிமுத்து நடுப்பக்கத்தில் பிரித்தார். இரண்டு உள்ளங்கையாலும் இரண்டு பக்கமும் அழுத்தித் தட்டையாக்கினார்.

டக்.

சின்னச் சத்தம்தான். சுள்ளி ஒடிவது போல. புத்தகத்தின் முதுகில் ஒரு கீறல் ஓடியது. தாளின் ஓரத்திலிருந்து நகக்கண் அளவு ஒரு துண்டு துணியில் உதிர்ந்தது.

உலகம்மாள் ஒரு மெல்லிய அட்டையை அந்தத் துண்டுக்கு அடியில் நுழைத்து அலுங்காமல் எடுத்தாள். சின்னக் கவரில் போட்டாள். கவரின் மேல் பக்க எண்ணை எழுதினாள். இடமா வலமா, மேலா கீழா என்பதையும் எழுதினாள்.

அவள் திட்டியிருந்தால் சொரிமுத்துவுக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

“தட்டையா வைக்காம எப்படிம்மா? மெஷின் கண்ணாடி தட்டையாத்தான இருக்கு.”

அவள் கவரின் வாயை ஒட்டினாள்.

“மெஷின் கடைக்காரன் ஒரு வழி சொன்னான். முதுக வெட்டிட்டா தாளெல்லாம் தனித்தனியா வந்துருமாம். மெஷினு வாயில அடுக்கி வச்சா உள்ள இருக்க உருளை இழுத்துக்கிடும். பத்தே நிமிசம்.”

“இந்தத் தாளையா?”

“பாதி தேறுங்கான்.” அவர் குரல் இறங்கியது. “சும்மா வச்சிருந்தா அந்தப் பாதியும் போயிரும். எனக்கு வேற வழி தெரியல, தாயி. நாளைக்கு வெட்டக் கொண்டாரச் சொல்லியிருக்கான்.”

உலகம்மாள் புத்தகத்தை மெல்ல மூடி வைத்தாள். பிறகு எழுந்தாள்.

“அண்ணாச்சி, எனக்கு ஒரு உதவி செய்வியளா? கொல்லையில எங்க மாடு ரெண்டு நாளா அசை போடல. மருந்து காச்சி வச்சிருக்கேன். குடுக்கத் தெரியல. நானும் எங்க வீட்டுக்காரரும் வாயப் பொளந்து ஊத்தப் பாத்தோம். அவர முட்டித் தள்ளிட்டு. இன்னும் நொண்டுதாரு.”

சொரிமுத்துவின் முகம் மாறியது. வேட்டியை மடித்துக் கட்டினார். இது அவருடைய சீமை.

*

மாட்டிடம் அவர் நேராகப் போகவில்லை. பக்கவாட்டில் போய் நின்றார். கழுத்தைத் தடவினார். காதில் ஏதோ சொன்னார். அது அவருக்கும் மாட்டுக்கும் மட்டும்.

இடது கையைத் தாடைக்கு அடியில் கொடுத்து ஏந்தினார். கட்டைவிரலை வாயின் ஓரத்தில் வைத்தார். வைத்துவிட்டுச் சும்மா நின்றார்.

“பொளக்கக் கூடாது, தாயி. பொளந்தா அது இறுக்கும். முன்பல்லுக்கும் கடவாப் பல்லுக்கும் நடுவுல வெத்து இடம் ஒண்ணு இருக்கு. அங்க விரல வச்சிட்டுப் பொறுத்திருந்தா, அதுவே திறக்கும்.”

திறந்தது.

“கொஞ்சந்தான திறந்திருக்கு?” என்றாள் உலகம்மாள்.

“அது குடுக்கது அவ்வளவுதான். நமக்கு அது போதும்.” மருந்து நிரப்பிய மூங்கில் குழாயை அந்த ஓரத்தில் வைத்து மெல்லச் சாய்த்தார். “நம்ம சௌரியத்துக்குத் தலையத் தூக்கினா மருந்து நுரையீரலுக்குப் போயிரும். குழாதான் சாயணும். மாடு சாயக் கூடாது.”

மாட்டின் தொண்டை ஏறி இறங்கியது. ஒரு சொட்டு கீழே சிந்தவில்லை.

“முப்பத்தி நாலு வருசம்,” என்றார் சொரிமுத்து. “ஒரு மாடு என் கையில பொரையேறிச் செத்ததில்ல.”

உலகம்மாள் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். திருவிழாவில் தேர் திரும்புவதைப் பார்க்கிறவள் கண்ணில் இருக்கும் அதிசயம் அவள் கண்ணில் இருந்தது.

“இன்னொரு தடவ சொல்லுங்க, அண்ணாச்சி. எது சாயணும்?”

“குழாதான். மாடு...”

சொரிமுத்து பாதியில் நிறுத்தினார்.

குழாயில் மிச்சமிருந்த மருந்து அவர் காலில் சொட்டியது. அவர் கவனிக்கவில்லை.

*

கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினார். ஈரம் போகத் துடைத்தார். யாரும் சொல்லாமலே முன்னறைக்கு வந்து மேஜை முன் உட்கார்ந்தார்.

இடது உள்ளங்கையைப் புத்தகத்தின் முதுகுக்கு அடியில் கொடுத்தார். வலது கட்டைவிரலை அட்டையின் ஓரத்தில் வைத்தார். வைத்துவிட்டுச் சும்மா இருந்தார்.

புத்தகம் திறந்தது. ஒருக்களித்த கதவு போல, பாதிக்கும் கொஞ்சம் குறைவாக. அந்த இடத்தில் நின்றது.

அவர் தள்ளவில்லை.

சத்தம் எதுவும் வரவில்லை. ஒரு துணுக்குக்கூட உதிரவில்லை.

உலகம்மாள் மூலையிலிருந்து ஒரு ஸ்டாண்டை நகர்த்தி வந்தாள். அதன் கையில் ஒரு சின்னக் கேமரா. திருகைத் தளர்த்தினாள். சாய்ந்து நின்ற அந்த ஒற்றைப் பக்கத்தின் முகத்துக்கு நேராக வரும்வரை கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தாள். திருகை இறுக்கினாள்.

முதல் பக்கம் கேமராவில் விழுந்தது. ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக இருந்தது.

இரண்டாவது பக்கம்.

மூன்றாவது பக்கத்துக்குக் காத்திருந்தபோது அவள் மெதுவாகக் கேட்டாள்.

“நாளைக்குக் கடைக்குப் போகணும்னியளே, அண்ணாச்சி?”

சொரிமுத்து நிமிரவில்லை.

“பேசாத, தாயி,” என்றார். “உன் மூச்சுக்குத் தாளு அசையுது.”