சேகனாவின் கடல் முடிந்த இடம்

மலாக்கா நீரிணையில் கப்பல்களுக்கு வழிகாட்டிப் பிழைத்தவர் சேகனா. ஒருநாள் ஒரு வல்லரசின் போர்க்கப்பல் மேற்கிலிருந்து வந்தது. தளபதி மீசையை முறுக்கினார்.

"எங்களைக் கிழக்கே கொண்டுபோய் விடு. எதிரிக் கப்பலுக்கு வழி காட்டினால் உன் தலை போய்விடும். நீ யார் பக்கம்?"

"உத்தரவு, ஐயா" என்று சேகனா ஏறிக்கொண்டார்.

அரை நாள் ஓடியதும் ஒரு பாறையருகே நங்கூரம் போடச் சொன்னார். கைலியை மடித்துக் கட்டி, கப்பலுக்குப் பின்னால் கட்டி இழுத்து வந்த தன் தோணியில் இறங்கினார்.

"எங்கே போகிறாய்?"

"என் கடல் இதோட முடிஞ்சுது, ஐயா. இதுக்கு அந்தாண்ட இருக்கிற பாறையெல்லாம் அடுத்த தீவு வழிகாட்டி மாட் யூசோப்புக்குத்தான் தெரியும்."

"அவனைக் கூப்பிடு."

"அதோ எதிர்ல நிக்கிற உங்க எதிரிக் கப்பல்லதான் இருக்கார். உங்களுக்கு வழி காட்டினா தலை போயிடும்னு அந்தத் தளபதி சொல்லியிருக்காராம். அந்தக் கப்பல் இந்தப் பக்கம் வரணும்னா நான் வேணும். எனக்குத்தான் உங்க உத்தரவு இருக்கே."

தளபதி எட்டிப் பார்த்தார். தண்ணீர் வற்றிப் பாறை முதுகைக் காட்டத் தொடங்கியிருந்தது. எதிர்க்கப்பல் தளபதி ஏற்கெனவே சம்மதமென்று தொப்பியைக் கழற்றி ஆட்டிக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் இவரும் கழற்றி ஆட்டினார்.

சேகனா எதிர்க்கப்பலுக்கும், மாட் யூசோப் இந்தக் கப்பலுக்கும் துடுப்புப் போட்டார்கள். இந்தத் தளபதிக்கு மனம் ஆறவில்லை; சேகனாவைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"உண்மையைச் சொல். நீ யார் பக்கம்?"

"தண்ணி வத்துறதுக்குள்ள வீடு போய்ச் சேர்ற கட்சி, ஐயா."